வெள்ளிக்கிழமை ஹாம் ரேடியோ வகுப்பு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஒரு வாரமாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டிலும் தட்டுவார்கள், திட்டிவிடாதீர்கள். அது மோர்ஸ், எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக மாற்றி அனுப்பும் தந்திக் குறியீடு. 'டா டிட் டா டிட்' என்றால் ஆங்கில எழுத்து 'சி'.

வரும் வெள்ளி முதல் மாலை 4.15க்கு இயற்பியல் ஆய்வகத்தில் ஹாம் ரேடியோ வகுப்பு தொடங்குகிறோம். உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக ஒயர்லெஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான் ஹாம் ரேடியோ, அப்படிப் பேசுபவரையும் ஹாம் என்பார்கள். அந்த உரிமத்துக்காக மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். வானொலி எப்படி வேலை செய்கிறது, விதிமுறை என்ன, இரண்டுதான் பாடம். முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையே இல்லை. தட்டுவது அவர்கள் ஆசைக்கு.

"சாரே, நான் கடல்ல கெடக்கும்போ பிள்ளை வீட்டிலிருந்து ஒயர்லெஸ்ல பேசுமா?" என்று நேற்று ஒரு தகப்பனார் கேட்டார். பேச முடியாது. போட்டில் இருக்கும் விஎச்எஃப் ஒயர்லெஸ் செட் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுவது. அந்தப் பக்கத்தில் ஹாமுக்கு ஒதுக்கியிருப்பது 144 முதல் 146 வரை. ஹாம் இன்னொரு ஹாமோடுதான் பேசலாம், அதிலும் வியாபாரம் கூடாது. குளச்சலில் சாளை மீன் என்ன விலை என்று வியாபாரத்துக்காக விசாரிப்பதுகூடத் தப்பு.

அப்புறம் எதற்கு இது என்றால், ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 30 அன்று மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் செல்போன் வெறும் டார்ச் லைட்டாகிப் போனது. ஹாம் நிலையத்துக்கு ஒரு செட், 12 வோல்ட் பேட்டரி, ஆன்டெனாவாக இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பி இருந்தால் போதும். 2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியவர் பாரதி பிரசாத் என்ற ஹாம். அவர் பெண். "இது பயல்களுக்குள்ள வேலை" என்று மகளை நிறுத்த நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிள்ளை கேட்டதும் வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஹாம் அலைவரிசையில் பேசும் செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். தேர்வு, உரிமம், அழைப்புக்குறி (ஒவ்வொரு ஹாமுக்கும் தரும் தனி அடையாளப் பெயர்), அதன் பிறகுதான் செட். அதுவரை பள்ளியில் காது கொடுத்துக் கேட்டுப் பழகட்டும்.

சம்மதச் சீட்டைப் புதன்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வகுப்பு 5.15க்கு முடியும், பஸ்ஸில் போகும் பிள்ளைகளை ஆசிரியர் ஒருவர் நிறுத்தம் வரை கொண்டுவிடுவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்