மாரத்தஹள்ளி கோச்சிங் சென்டர் ஆசிரியர்களுக்கு: டீபக்கரையும் சொல்லிக் கொடுங்கள்

பெங்களூரு மாரத்தஹள்ளியிலும் பிடிஎம் லேஅவுட்டிலும் பைதான், ஜாவா சொல்லிக் கொடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஓசூர், தர்மபுரி பக்கமிருந்து வந்து, பிஜியில் தங்கி, உங்களிடம் படித்துவிட்டு வேலைக்குச் சேரும் பிள்ளைகளோடுதான் நான் தினமும் உட்கார்கிறேன். கோட் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் ஏதாவது தப்பாகப் போனால், மதிப்பைத் திரையில் பார்க்க பிரிண்ட் போடுகிறார்கள், பத்து, இருபது, நாற்பது என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர் பக்கம் கையே போவதில்லை. கேட்டால், யாரும் காட்டவில்லை என்கிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பி இரண்டு நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு ஃபைலில் உள்ள பெயர்களை ஒப்பிடும் வேலை. இரண்டிலும் 'கோமதி' இருக்கிறது, பிரிண்ட் போட்டால் ஒரே மாதிரிதான் வருகிறது, ஆனால் பைதான் இரண்டும் வேறு என்கிறது. "அண்ணா, கண்ணுக்கு முன்னாடியே இருக்கு, மேட்ச் ஆகமாட்டேங்குது" என்றான். அந்த வரியில் பிரேக்பாயிண்ட், அதாவது நிறுத்தக் குறி, வைத்து நிறுத்தி, நாம் கேட்பதன் மதிப்பைக் காட்டும் வாட்ச் பகுதியில் இரண்டு பெயருக்கும் நீளத்தைச் சொல்லும் லென் போட்டோம். ஒன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 6! ஒன்றில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோட் குறியாக இருந்தது, மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

லென்னை பிரிண்டிலும் போடலாம்தான். ஆனால் எதைக் கேட்பது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தி வைத்த புரோகிராமிடம் ஒன்றைப் பார்த்து, அதிலிருந்து அடுத்ததைக் கேட்டுக்கொண்டே போகலாம், ஒவ்வொரு முறையும் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை.

அப்புறம் கால் ஸ்டாக், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல். பிள்ளைகள் நின்ற இடத்து வேரியபிளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் தப்பான மதிப்பு பெரும்பாலும் அதைக் கூப்பிட்ட ஃபங்ஷனிலிருந்து வந்திருக்கும். ஸ்டாக்கில் அந்தப் பெயரை கிளிக் செய்தால் அங்குள்ள வேரியபிள்கள் அப்படியே தெரியும். பத்தாயிரம் முறை சுற்றும் லூப்பில் ஒவ்வொரு வரியாக நகர எஃப்10-ஐ அழுத்திக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, சொன்ன நிலை வந்தால் மட்டும் நிற்கும்படி கண்டிஷன் வைத்த பிரேக்பாயிண்ட் ஒன்றைக் காட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வாட்சில் பாப், நெக்ஸ்ட் மாதிரி எதையும் எழுதக்கூடாது. பார்ப்பதற்காகப் போட்ட வரியே டேட்டாவை மாற்றிவிடும், அப்புறம் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தினாலே நேரக்கணக்கு மாறி மறைந்துவிடும் பிழைகளும் உண்டு, அங்கே பிரிண்ட்தான் கைகொடுக்கும்.

தனி வகுப்பு வேண்டாம். ஃபார் லூப் நடத்தும் அன்றே, போர்டில் ஐ-யின் மதிப்பை எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக வி.எஸ். கோட் எடிட்டரில் நிறுத்தி, ஐ மாறுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். பைதான் 3.7 முதல் பிரேக்பாயிண்ட் என்பதை கோடுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனாகக் கூப்பிட்டு நிறுத்த முடிகிறது, அதற்கு வேறு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. எந்த சனிக்கிழமை கூப்பிட்டாலும் லேப்டாப்போடு வந்து நானே செய்து காட்டுகிறேன்.