கடைசில ப்ளேன் வாங்கியாச்சு மாப்ள

டேய் மாப்ள,

அம்மா வாக்கர் இல்லாம நடக்குறாங்கன்னு எழுதியிருந்த, படிச்சதும்தான் மனசு லேசாச்சு. பிசியோவை மட்டும் நடுவுல நிறுத்த விட்டுடாத.

இங்க என் சேதி, ப்ளேன் வாங்கியாச்சு. ஆர்வி-6ன்னு ஒரு சின்ன ப்ளேன், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட்டு, லைகமிங் ஓ-320 இன்ஜின். அமெரிக்காவுல ஓரிகன்ல இருக்குற வேன்ஸ் கம்பெனி பார்ட் பார்ட்டா விக்கிற கிட்டை வாங்கி ஒரு பெரியவர் தன் வீட்டு கராஜ்ல ஒன்பது வருஷம் உக்காந்து ரிவெட் அடிச்சுக் கட்டினது. யாரோ வீட்ல செஞ்ச ப்ளேன்ல எப்படிடா நம்பி ஏறுவன்னு நீ கேட்ட பாரு, அதே கேள்வி எனக்கும் ரொம்ப நாளா இருந்துச்சு.

முதல்ல வேற ஒண்ணு பாத்தேன்டா. உள்ள பூரா புது ஸ்க்ரீன், லெதர் சீட், பெயின்ட் கண்ணாடி மாதிரி, பாத்த உடனே அட்வான்ஸ் குடுத்துடலாம்னு கை பரபரன்னுச்சு. ஆனா லாக்புக்கைப் புரட்டினா ஆறு வருஷத்துல மொத்தமே பதினோரு மணி நேரம்தான் பறந்திருக்கு. லைகமிங்ல வால்வைத் திறக்க வெக்கிற கேம்ஷாஃப்ட் மேல இருக்கும், கிராங்க்ஷாஃப்டுக்கும் மேல, ஓடாம நிறுத்தி வெச்சா ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சு அங்க துரு பிடிக்கும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஓட்ட ஓட்ட கேம் மேல உரசுற டாப்பெட்டோட முகம் பொரிஞ்சு இரும்புத்தூள் ஆயில்ல கலக்கும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, சிலிண்டர் காத்தை விடாம பிடிக்குதான்னு பாக்குற கம்ப்ரெஷன் டெஸ்ட் கூட நல்லா வரும். நான் காசு குடுத்து ஒரு சிலிண்டரைக் கழட்டச் சொன்னேன், டாப்பெட் அம்மைத்தழும்பு மாதிரி குழி குழியா. வேணாம்னு வந்துட்டேன்.

பெரியவரோடது நேர் எதிர். டேஷ்போர்டு பாக்கவே பாவமா இருந்துச்சு, பழைய ஊசி மீட்டரு, சீட்டுத் துணி கிழிஞ்சிருந்துச்சு. ஆனா வாரா வாரம் பறந்திருக்கார். ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் இரும்புத்தூள் இருக்கான்னு ஃபில்டரை வெட்டிப் பாத்து தேதி போட்டு எழுதியிருக்கார். 2014ல வால் பக்கச் சின்ன இறக்கைக்குள்ள ஓடுற சட்டத்துல, அதான் ஸ்டெபிலைசர் ஸ்பார்ல, கிராக் இருக்கான்னு பாக்கச் சொல்லி வேன்ஸ் புல்லட்டின் விட்டாங்க, அந்த வருஷமே பாத்து, அதுக்கப்புறம் வருஷா வருஷம் டார்ச் அடிச்சுப் பாத்து லாக்ல குறிச்சிருக்கார். வயசாகி, பறக்குறதுக்கு வேண்டிய மெடிக்கல் சர்டிஃபிகேட் கிடைக்கலைன்னுதான் வித்தார். சாவியைக் குடுக்கும்போது மனுஷன் விங்கைத் தடவிட்டே நின்னார், எனக்குப் பேச்சே வரல.

இதுல ஒரு சட்டம் இருக்கு பாரு. கட்டினவருக்கு எஃப்ஏஏ, அதான் அமெரிக்க அரசோட விமானத் துறை, ரிப்பேர்மேன் சர்டிஃபிகேட் குடுக்கும், வருஷாந்திர இன்ஸ்பெக்ஷனுக்கு அவரே கையெழுத்துப் போடலாம். அது ப்ளேனோட சேர்ந்து எனக்கு வராது. ரிப்பேர், மாத்தல் எல்லாம் நானே பண்ணிக்கலாம், இன்ஸ்பெக்ஷன் கையெழுத்து மட்டும் அதுக்கான லைசென்ஸ் உள்ள மெக்கானிக் போடணும். எனக்கு இது சரியாத்தான் படுது, அவர் கைக்குத் தெரிஞ்சது என் கைக்கு இன்னும் தெரியாதே.

குளிர்காலம் முழுக்க ஹேங்கர்லதான் இருந்தேன். வேக்கும் பம்ப்பையும், ப்ளேன் சாயுதான்னு காட்ட அதுல ஓடுற கைரோ மீட்டரையும் தூக்கிட்டு, அதே வேலையைப் பண்ற டைனான் கம்பெனி எலக்ட்ரானிக் ஸ்க்ரீன் ஒண்ணு போட்டேன். அந்த பம்ப்ல சுத்துறது கார்பன் தகடு, எப்ப உடையும்னு சொல்ல முடியாது, மேகத்துக்குள்ள இருக்கும்போது உடைஞ்சா அவ்ளோதான். செஸ்னா மாதிரி ஃபேக்டரி ப்ளேனா இருந்தா இதுக்கெல்லாம் சர்டிஃபிகேட் வாங்கின பார்ட்டுதான் போடணும், விலை எங்கயோ போயிடும். இதுல அந்தக் கட்டாயம் இல்ல. பேட்டரி இல்லாமலே இன்ஜினுக்குத் தீப்பொறி குடுக்குற ரெண்டு மேக்னெட்டோல ஒண்ணை எலக்ட்ரானிக் இக்னிஷனா மாத்திட்டேன், இன்னொண்ணைத் தொடல, பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடணும்ல.

உன் ஞாபகம் வந்தது வயரிங்லதான். பெரியவர் ஒரு வயருக்கும் லேபிள் ஒட்டல, எல்லாம் ஒரே வெள்ளை கலர், ரெண்டு வாரம் மீட்டர் வெச்சு ஒண்ணொண்ணாத் தேடினேன். பஸ் வண்டி வயரிங்ல நீ எப்பவும் சால்டர் வேணாம், நல்லா அழுத்திக் க்ரிம்ப் பண்ணு, வைப்ரேஷன்ல சால்டர் முடியிற இடத்துலதான் வயர் ஒடியும்னு சொல்லுவியே, இங்கயும் அதே பேச்சுதான். அவரும் பூரா க்ரிம்ப்தான் பண்ணியிருந்தார், ஒண்ணு கூட இழுத்தா வரல.

இக்னிஷன் மாத்தினதை நானும் மெக்கானிக்கும் பெரிய மாற்றமாவே எடுத்துக்கிட்டோம், அதனால மறுபடி அஞ்சு மணி நேரம் டெஸ்ட் ஃப்ளைட், பாசஞ்சர் ஏத்தக்கூடாது. அது அடுத்த மாசம் முடிஞ்சுடும். போன வாரம் தராசுல ஏத்தினோம், காலி எடை 1,062 பவுண்டு (482 கிலோ), மொத்தம் 1,600 (726 கிலோ) தாண்டக்கூடாது. டேங்க் ஃபுல்லா 38 கேலன் போட்டா நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து 140 கிலோதான் மிச்சம், பாதி போட்டா 190 வரைக்கும் தாங்கும். நான் 78. ஜூலைல வர்றேன்னு சொன்னேல்ல, உன் எடையை மறைக்காம எழுதி அனுப்பு, பெட்ரோல் கணக்கு போட்டு வெக்கிறேன்.

உன்
ரூம்மேட்