ரிலே கெட்டாலும் ஹீட்டர் அணைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் வீட்டிலேயே கோழிக்கும் மீனுக்கும் புகை போட மின்சார ஸ்மோக்கர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சாதாரண தெர்மோஸ்டாட் 110 டிகிரி செல்சியஸில் மின்சாரத்தை நிறுத்தினாலும், ஹீட்டரில் தங்கிய சூடு பெட்டியை இன்னும் மேலே ஏற்றிவிடும், அப்புறம் மலைக்காற்றில் ஆறி, திரும்ப ஹீட்டர் பிடிப்பதற்குள் ரொம்பக் கீழே போய்விடும். பிஐடி கன்ட்ரோலர் என்ற சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி அப்படியில்லை. இலக்குக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கணக்குப் போட்டு, எட்டுவதற்கு முன்பே மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு வரும். சென்சாரை மட்டும் கறித் தட்டின் உயரத்தில், கறியைத் தொடாமல் வையுங்கள்.

சரி, என் கவலை வேறு. இந்தக் கன்ட்ரோலரோடு போடும் சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச், கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி, ஹீட்டரை அணைக்க முடியாமல் எரியவிட்டுவிடும். கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் கேட்காது. உள்ளே மரத்தூளும் சொட்டும் கொழுப்பும் இருக்கும்போது இது தீ விபத்து. அதனால் சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் தனியான ஒரு தெர்மல் கட்-அவுட், ரிலேவின் சூட்டை வெளியேற்ற ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டு, பெட்டிக்கு முறையான எர்த், மூன்றும் கட்டாயம் வேண்டும். சேலத்தில் இந்தச் சாமான்களை விற்கும் கடைக்காரர்கள் தெர்மல் கட்-அவுட்டையும் சேர்த்தே கொடுத்து, வயரிங் படத்தைத் தமிழில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, பெட்டியின் சூடு சரியாக இருப்பதால் கறி வெந்துவிட்டது என்று ஆகாது. கோழியின் தடித்த பகுதியில் தெர்மாமீட்டர் குத்தி 74 டிகிரி வந்த பிறகே எடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஏற்காடு