மொரிசியசிலிருந்து ஓர் அன்னாசிப் பக்குவம்

ரோஸ் ஹில், மொரிசியசு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்களுக்குப் பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்; தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். திருச்சியில் மார்கழிப் பனி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கோ கொளுத்தும் கோடை; சந்தையெங்கும் லிச்சிக் குலைகள்.

சித்திரையில் பேரப்பிள்ளைகள் வரும்போது செய்து கொடுக்க, பழத்தை உறையவைத்து அரைக்கும் பானத்தின் பக்குவம் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு அன்னாசிதான். இத்தீவில் விளையும் விக்டோரியா என்னும் வகை சிறியது; அறுத்தவுடன் கூடமெல்லாம் மணக்கும். அதன் கண்கள் சாய்வரிசையாக அமைந்திருப்பதால், வியாபாரிகள் கத்தியை அவ்வரிசை வழியே சுழற்றிச் சீவி, சதை வீணாகாமல் கண்களை மட்டும் எடுத்துவிட்டு, காம்பையே கைப்பிடியாக்கி, உப்பும் மிளகாயும் புளியும் தடவிக் கையில் கொடுப்பார்கள். கடற்கரையில் நின்று அதைத் தின்றவர்களுக்கு அந்தச் சுவை மறக்காது. அதையே நான் பானமாக்குகிறேன்.

நன்கு கனிந்த பழமாகப் பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும் என்பதால், அரைப்பழம் உதவாது. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி இரவு முழுவதும் உறையவிடுங்கள். கும்பலாக வைத்தால் ஒரே பாறையாகி மிக்சியின் கத்தியைக் கெடுத்துவிடும். பனிக்கட்டி சேர்க்கவே வேண்டாம். அது உருகும்போது பானம் நீர்த்துப்போகும், பழமே பனிக்கட்டியாக இருந்தால் கடைசி மடக்கு வரை சுவை குறையாது. அரைக் கிலோ துண்டுகளுக்குக் குளிர்ந்த இளநீர் ஒரு டம்ளர், நாட்டுச் சர்க்கரை இரண்டு கரண்டி, புளிக்கரைசல் அரைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. விட்டுவிட்டு அரைத்தால், கரண்டியில் அள்ளினால் மெல்லச் சரியும் பதத்துக்கு வரும். மேலே மிளகாய்த்தூளைத் தூவலாம், குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சென்ற கோடையில் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, சுவை கூடட்டும் என்று தயிரும் ஊற்றி அரைத்து, பேச்சு முடியட்டும் என்று முக்கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். குடித்தவர்கள் முகம் சுளிக்காமல் விழுங்கியது எனக்குத்தான் தெரியும், அவ்வளவு கசப்பு. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடுகிறது. உறையவைத்தாலும் அது அழிவதில்லை, சூடாக்கினால்தான் செயலிழக்கும். தயிர்தான் வேண்டுமென்றால் மாம்பழத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியா அங்கே கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் அன்னாசியைக் கேட்டு வாங்குங்கள். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழமும் விக்டோரியாவும் ஒரே குவீன் இனத்தைச் சேர்ந்தவை. அங்குள்ள விவசாயிகள் அதை 'மொரிசியசு' என்றே அழைக்கிறார்கள். முதல் முறை அரைத்ததும் பதம் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்