பூங்கா விளக்கை அணையுங்கள், மருந்தை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவில் உயர்கோபுர மின்விளக்கு வந்ததும், ரோஜாப் பாத்திகளுக்குப் பூச்சிமருந்து அடித்ததும் தாங்கள் அறிந்தவையே. விளக்கை அணையுங்கள், மருந்தை நிறுத்துங்கள் என்று மூன்று மனுக்கள் கொடுத்தோம். "பூச்சித் தொல்லை மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. எந்தப் பூச்சி, யாருக்குத் தொல்லை?

ரோஜா இலைகளை வட்டமாக நறுக்கியது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. மூங்கில் துளைக்குள் கொண்டுபோய்ச் சுருட்டி அறை கட்டுகிறது. மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, அறைக்கு ஒரு முட்டை இட்டு, வட்டத் துண்டால் மூடுகிறது. ராணியும் கூட்டமும் இல்லாத தனியாள். அடிவயிற்று மயிரில் மகரந்தம் சுமக்கும் இந்த இனத்தார்தாம் துவரைப் பூக்களுக்கும் போய்வருகிறார்கள்.

மருந்து அடித்த மறுநாள் காலை, நடைபாதையில் ஒன்று மல்லாந்து கிடந்து சுற்றிக்கொண்டிருந்தது. கால்களுக்கிடையே பச்சை இலைத்துண்டு. அசைவு அடங்கும்வரை அதை விடவில்லை. பெஞ்சுக்கு மேலுள்ள மூங்கில் பந்தலில் ஒரு துளை, பாதி இலை ஒட்டியபடி, இன்றுவரை மூடப்படாமல் இருக்கிறது.

தேனீக்கு வெயில் வேண்டும். மின்மினிக்கு இருட்டு வேண்டும். வண்டினத்தைச் சேர்ந்த அதன் புழு ஈரச் சருகுக்குள் நத்தை தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. சிறகு வந்தபின் சில வாரங்களே வாழ்வு. அதற்குள் ஆண் மின்ன, பெண் பதில் மின்ன வேண்டும். உங்கள் விளக்கொளியில் அந்தப் பதில் தெரிவதில்லை. இணை சேராவிட்டால் முட்டை ஏது? 2022 ஏப்ரலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னியதை வனத்துறை பெருமையோடு வெளியிட்டது. காட்டில் போற்றுவதை ஊருக்குள் ஏன் கொல்கிறோம்?

நூலகத் தெருவில் ஏழு மாதமாக விளக்கு எரியவில்லை. படித்துவிட்டு வரும் பெண்பிள்ளைகள் இருட்டில் தட்டுத்தடுமாறி வீடு திரும்புகிறார்கள். மாலை ஆறு மணிக்கே பூட்டும் பூங்காவிலோ விடியும்வரை வெளிச்சம். எவருக்காக எரிகிறது அது? கோபத்தில் கேட்டுவிட்டேன், பொறுத்தருளுங்கள்.

பூங்காவைப் பூட்டியதும் விளக்கை அணையுங்கள். மருந்தை நிறுத்துங்கள். உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே விடுங்கள். நேற்று இரவு வேலிக்கு வெளியே நின்று குளத்தோரம் நான்கு மின்மினிகளை எண்ணினேன். அவை இருக்கும்போதே உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு நாள்தோறும் வரும் ஒருவர்