வெந்நீர்க் கருவியும் மின்செலவும்

ஐயா,

வீட்டு வெந்நீர்க் கருவிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, நீர் ஓடும்போதே சூடாக்கும் 3 கிலோவாட் உடனடி ஹீட்டர், நீரைத் தேக்கிச் சூடாக்கும் 2 கிலோவாட் தொட்டி கீசரைவிட அதிக மின்சாரத்தைச் செலவழிக்கும் என்று கூறுகிறது. பரவலாக நம்பப்படும் இக்கருத்து சரியன்று. கிலோவாட் என்பது கருவியின் காயில், அதாவது சூடேற்றும் கம்பிச்சுருள், எவ்வளவு விரைவாகச் சூடேற்றும் என்பதற்கான அளவு; கட்டணமோ யூனிட்டைப் பொறுத்தது. 15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த எந்தக் காயிலுக்கும் ஏறத்தாழ 0.6 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் கருவி அதைச் சுமார் 18 நிமிடங்களிலும் 3 கிலோவாட் கருவி 12 நிமிடங்களிலும் முடிக்கும், அவ்வளவே.

உண்மையில் வீணாவது காத்திருப்பில்தான். தொட்டியின் அடியில் குளிர்ந்த நீர் நுழைய, மேலே மிதக்கும் வெந்நீர் குழாய்க்கு வருகிறது. யாரும் திறக்காத வேளையிலும் தொட்டியின் சுவர் வழியே வெப்பம் கசிவதால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் காயிலை மீண்டும் மீண்டும் இயக்குகிறது. நாள் முழுவதும் சுவிட்சை அணைக்காத வீடுகளில் இந்த இழப்பே பெரிது. உடனடி ஹீட்டரில் இது அநேகமாக இல்லை; ஆனால் 25 டிகிரி உயர்வுக்கு 3 கிலோவாட்டால் நிமிடத்துக்குச் சுமார் 1.7 லிட்டர்தான் தர இயலும் என்பதால், ஷவரில் தாராளமாகக் குளிக்க விரும்புவோருக்கு அது ஏமாற்றமே.

சிக்கனத்தைப் பற்றிய கட்டுரையில் ஹீட் பம்ப் ஒரு வரிகூட இடம்பெறாதது வியப்பளிக்கிறது. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் குளிர்பதனத் திரவம் உறிஞ்சி ஆவியாக, கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி மேலும் சூடாக்கித் தொட்டி நீருக்கு அவ்வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு முதல் நான்கு யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். விலை அதிகம், வேகம் குறைவு என்பவை உண்மையே. வெயில் உள்ள கூரைக்குச் சோலார் ஹீட்டரும் ஏற்றது. வெயிலை உறிஞ்சும் தகட்டுக்கு மேலே தொட்டி இருந்தால் சூடான நீர் பம்ப் இன்றித் தானே ஏறிவிடும்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டலாம் என்ற வரியைத் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டும். புகை வெளியேறாத அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. குளிப்பவர் உணரும் முன்பே மயங்கி உயிரிழக்க நேரும்.

தெர்மோஸ்டாட்டை 40 டிகிரியில் வைக்கும் யோசனையும் ஏற்கத்தக்கதன்று. ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரையில் தேங்கிய நீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகக்கூடும். எனவே தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். அந்தச் சூடு சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும் என்பதால், குளிர்ந்த நீரைக் குழாயில் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்