‘சப்போர்ட் உண்டு’ என்று விற்ற டெதரிங் மென்பொருளும், சார்ஜர் கேபிளும்: புகார் கடிதம்

அனுப்புநர்:
ஸ்டுடியோ பங்குதாரர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், விற்பனை மற்றும் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: ‘ஸ்டுடியோ டெதரிங் பேக்கேஜ்’ என்ற பெயரில் விற்ற மென்பொருள் உரிமம், கேபிள், நிறுவும் சேவை ஆகியவற்றில் உள்ள குறைகள், பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஓராண்டு உரிமம் இரண்டு, 5 மீட்டர் யுஎஸ்பி-சி கேபிள் ஒன்று, அரை நாள் நிறுவுதலும் பயிற்சியும் என்று ஒரே பில்லில் உங்களிடம் வாங்கினோம். வாங்கும் முன் மெயிலில் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: சோனி ஏ7ஆர் 4, சோனி ஏ6400 ஆகிய இரண்டு கேமராக்களிலும் இந்த மென்பொருளை வைத்து டெதரிங் செய்ய, அதாவது கேமராவைக் கம்பியால் கணினியோடு இணைத்து, எடுக்கும் படத்தை உடனே திரையில் பார்க்க முடியுமா? ‘இரண்டு மாடலுக்கும் சப்போர்ட் உண்டு’ என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினோம்.

ஏ6400-இல் டெதரிங் நடக்கவில்லை. கேமரா மெனுவில் யுஎஸ்பி இணைப்பை ‘பிசி ரிமோட்’ என்று வைத்தும் மென்பொருளின் கேமரா பட்டியல் காலியாகவே இருக்கிறது. உங்கள் சேவைப் பிரிவு சொன்னபடி மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினோம், கேபிளை மாற்றினோம், வேறு போர்ட்டில் செருகினோம், வேறு மடிக்கணினியிலும் பார்த்தோம். பலன் இல்லை. அதே கேமரா, அதே மைக்ரோ யுஎஸ்பி கேபிள், அதே மடிக்கணினியில் சோனியின் இலவச ‘ரிமோட்’ நிரலைத் திறந்தால் உடனே இணைகிறது, படமும் வருகிறது. ஆக, கோளாறு கேமராவில் இல்லை, கம்பியிலும் இல்லை.

காரணம் மென்பொருள் தயாரிப்பாளரின் சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதில் ஒவ்வொரு கேமராவுக்கும் மூன்று கட்டங்கள்: ரா ஃபைலை (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) திறக்குமா, டெதரிங் செய்யுமா, லைவ் வியூ (லென்ஸ் காண்பதை நேரடியாகக் கணினித் திரையில்) காட்டுமா. ஏ6400-க்கு முதல் கட்டத்தில் மட்டுமே டிக் இருக்கிறது. மெமரி கார்டிலிருந்து இறக்கிய ரா ஃபைலைத் திறப்பது வேறு, கேமராவைக் கம்பி வழியாகக் கட்டுப்படுத்திப் படத்தை நேரே இறக்குவது வேறு. முதலாவதற்கு அந்த சென்சாரின் ஃபைல் அமைப்பும் நிறக் கணக்கும் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு அந்த மாடலோடு யுஎஸ்பி வழியாகப் பேசும் நிரலைத் தனியாக எழுதிச் சோதித்திருக்க வேண்டும். டெதரிங் பேக்கேஜ் விற்கிறவர் ‘சப்போர்ட்’ என்று சொன்னால், வாங்குகிறவர் இரண்டாவதைத்தான் புரிந்துகொள்வார். உங்கள் விற்பனைப் பக்கத்தில் இன்றும் மூன்று கட்டங்களையும் ஒரே சொல்லில் அடக்கித்தான் வைத்திருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஏ6400-இல் படத்தைச் சோனி நிரலில் ஒரு ஃபோல்டருக்கு இறக்கி, அந்த ஃபோல்டரை உங்கள் மென்பொருளின் ‘ஹாட் ஃபோல்டர்’ வசதி கவனித்து எடுத்துக்கொள்ளும்படி ஓட்டுகிறோம். வேலை நடக்கிறது. ஆனால் அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பை) மாற்ற ஒரு நிரல், படம் பார்க்க இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கேமராவைப் பிடிக்க முடியும் என்பதால், உங்கள் மென்பொருளில் கேமரா இணைப்பை அணைத்தே வைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு உங்கள் உரிமம் தேவையே இல்லை. ஹாட் ஃபோல்டர் வசதி இதைவிடக் குறைந்த விலை நிரல்களிலும் உண்டு.

அடுத்தது கேபிள். எங்களுக்கு அதிக நஷ்டம் இதனால்தான்.

ஏ7ஆர் 4-இன் ரா ஃபைல் கம்ப்ரஸ் செய்யாவிட்டால் ஏறத்தாழ 122 எம்பி. 6.1 கோடி பிக்சல், பிக்சலுக்கு 2 பைட், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கேமராவின் யுஎஸ்பி-சி போர்ட் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்துக்கானது. நீங்கள் தந்த 5 மீட்டர் கேபிளைச் செருகி, மேக்கின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைப் பார்த்தால் 480 மெகாபிட் என்று காட்டுகிறது. எங்களிடம் ஏற்கெனவே உள்ள 1 மீட்டர் கேபிளைச் செருகினால் அதே இடத்தில் 5 ஜிகாபிட். போர்ட்டும் கேமராவும் ஒன்றே, மாறியது கேபிள் மட்டும்.

480 மெகாபிட் என்பது யுஎஸ்பி 2.0-இன் வேகம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் காகிதத்தில் நொடிக்கு 60 எம்பி, நடைமுறையில் 40-ஐத் தாண்டுவதில்லை. ஒரு படம் இறங்க மூன்று நொடிக்கு மேல் ஆகிறது. நாங்கள் எடுப்பது கடைக்காரர்களுக்கான பட்டுப் புடவைப் படங்கள். மாடல் முந்தானையை வீசித் திரும்பும்போது பத்து ஃப்ரேம் எடுத்தால், கடைசிப் படம் திரைக்கு வர அரை நிமிடம். அதற்குள் அந்த நிலை கலைந்துவிடும். ‘மூன்றாவதில் கொசுவம் சரியாக இருந்தது, அப்படியே நில்லுங்கள்’ என்று சொல்ல வழியில்லை. மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். விளக்கின் கோணம் சற்று மாறினாலும் புடவையின் நிறமே மாறும். கடைக்காரர் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, கேலிபரேட் செய்த (நிறம் சரியாகக் காட்டும்படி அளந்து சீரமைத்த) மானிட்டரில் படத்தோடு ஒப்பிட்டு ‘சரி’ என்று சொல்லத்தான் இந்தக் கம்பியையே இழுக்கிறோம்.

‘கம்ப்ரஸ்டு ரா வைத்துக்கொள்ளுங்கள், ஃபைல் பாதியாகிவிடும்’ என்றார் உங்கள் சேவைப் பிரிவு நண்பர். பாதியாகும், உண்மைதான். ஆனால் இந்த மாடலில் உள்ளது தகவலை இழக்கும் வகைக் கம்ப்ரஷன். புடவையின் கறுப்பு உடலும் மின்னும் ஜரிகையும் சந்திக்கும் கூர்மையான விளிம்பில் எக்ஸ்போஷரைக் கூட்டித் திருத்தும்போது அதன் தடம் தெரிகிறது. பட்டுப் புடவைப் படத்தில் கண் முதலில் போகிற இடமே அந்த விளிம்புதான்.

நீங்கள் தந்த கேபிளின் உறையில் ‘100 வாட்’ என்று இருக்கிறது. அது சார்ஜ் செய்யும் திறனைச் சொல்கிறது, டேட்டா வேகத்தை அல்ல. இரண்டு முனையிலும் சி பிளக் இருப்பதால் மட்டும் கேபிள் வேகமாகிவிடாது. யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர் வரை அனுமதி உண்டு, அதனால்தான் இந்த நீளம் கிடைத்திருக்கிறது. 5 ஜிகாபிட்டில் சாதாரணச் செம்புக் கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. அதற்கு மேல் உள்ளே சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் ரிப்பீட்டர் சிப் வைத்த ஆக்டிவ் கேபிள் வேண்டும். கேமரா ஸ்டாண்டுக்கும் மேசைக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்கள் கேட்டிருந்தால் நாலரை மீட்டர் என்று சொல்லியிருப்போம். கேட்கவில்லை.

மூன்றாவது குறையை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். உங்கள் மற்ற வாடிக்கையாளர்களும் இதே ஆபத்தில் இருக்கக்கூடும்.

நிறுவ வந்தவர் கேமராவில் படம் சேமிக்கும் இடத்தை ‘பிசி மட்டும்’ என்று வைத்துவிட்டுப் போனார். அப்படி வைத்தால் கார்டில் எதுவும் பதிவாகாது. கம்பியில் தடங்கல் வந்தால், இறங்காத படங்கள் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே நிற்கும். இணைப்பு நின்றுபோனதும் உங்கள் சேவைப் பிரிவை அழைத்தோம். முதலில் சொன்ன வழி, ‘கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’. ஆஃப் செய்த நொடியில் அந்தப் படங்கள் அழிந்துவிட்டன. ரெக்கவரி மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனென்றால் அவை எந்தக் கார்டிலும் எழுதப்படவே இல்லை.

‘பிசி + கேமரா’ என்று வைத்து, உள்ளே ஒரு வேகமான கார்டும் போட்டிருந்தால் இந்த நஷ்டமே இல்லை. ரா + ஜேபெக் எடுத்து, கணினிக்கு ஜேபெக்கை மட்டும் அனுப்பும் வழியும் அதே மெனுவில் இருக்கிறது: திரையில் படம் சட்டென்று வரும், ரா கார்டில் பத்திரமாக இருக்கும். பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யுஎஸ்பி மின்சாரம் எடுக்கும் அமைப்பையும் ஆன் செய்தே விட்டிருந்தார். கேமரா மடிக்கணினியின் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

படம் இறங்கும் ஃபோல்டரையும் அவர் கிளவுட் சிங்க் ஆகும் (இணையச் சேமிப்பகத்துக்குத் தானாக நகலெடுக்கும்) ஃபோல்டருக்குள் அமைத்திருந்தார். பாதி எழுதப்பட்ட 122 எம்பி ஃபைலை சிங்க் நிரலும் படிக்கப் பாய்கிறது. இரண்டும் மோதி மென்பொருள் உறைகிறது. உள் எஸ்எஸ்டியில் சாதாரண ஃபோல்டருக்கு மாற்றியதும் இந்தக் கோளாறு நின்றுவிட்டது. வேலை முடிந்த பிறகு பேக்கப் எடுத்தால் போதுமே.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறோம். ஏ7ஆர் 4-ஐ 1 மீட்டர் கேபிளில், ‘பிசி + கேமரா’ அமைப்பில் இணைத்து 200 ஃப்ரேம் எடுத்துப் பார்த்தோம், ஒருமுறைகூட அறுபடவில்லை. நிறமும் நன்றாக இருக்கிறது, முன் படத்தின் திருத்தத்தை அடுத்த படத்துக்குத் தானாக ஏற்றும் வசதியும் அருமை. குறை மென்பொருளின் தரத்தில் இல்லை. எந்த கேமராவுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய நீங்கள் பார்க்காமல் விற்றதில்தான் இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை: ஏ6400-க்காக வாங்கிய இரண்டாவது உரிமத்தின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். கேபிளுக்குப் பதிலாக 4.5 மீட்டருக்குக் குறையாத, 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் ஆக்டிவ் கேபிளைத் தந்து, எங்கள் கேமராவில் அந்த வேகம் வருகிறதா என்று எங்கள் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். இல்லையேல் கேபிள் விலையைத் தர வேண்டும். நிறுவும் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அந்த அமைப்புகள் முழுவதையும் நாங்களே மாற்றிக்கொண்டோம். உங்கள் விற்பனைப் பக்கத்தில் ரா, டெதரிங், லைவ் வியூ மூன்றையும் மாடல்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். இணைப்பு நின்றால் கேமராவை ஆஃப் செய்யச் சொல்லும் முன், படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்கும்படி சேவைப் பிரிவினருக்கு அறிவுறுத்த வேண்டும்.

இந்த ஸ்டுடியோவை நாங்கள் இருவரும் சுயதொழிலாக, பிழைப்புக்காக நடத்துகிறோம். அப்படி வாங்குபவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்.

பில் நகல், ‘சப்போர்ட் உண்டு’ என்று நீங்கள் அனுப்பிய மெயில், இரண்டு கேபிள்களிலும் யுஎஸ்பி வேகம் காட்டும் திரைப்படிகள், தயாரிப்பாளர் பட்டியலில் ஏ6400 வரியின் திரைப்படி ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். கேபிள் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ பங்குதாரர்கள்